கஞ்சா வழக்கில் ஜாமீன்: எடையும் நாள் கணக்கும்

புதுச்சேரி, கடலூர் எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் மதுவின் விலை மாறும், வரி மாறும், சட்டமும் மாறும். அந்தப் பழக்கத்தில் கஞ்சாவுக்கும் புதுச்சேரியில் ஒன்று, கடலூரில் ஒன்று என்று நினைத்துக்கொள்ளும் பையன்கள் நம் பக்கம் உண்டு. அப்படிக் கிடையாது. கோர்ட்டில் என்.டி.பி.எஸ். என்று சொல்லும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மத்திய அரசுடையது. ரெட்டிச்சாவடியில் பிடித்தாலும் பாகூரில் பிடித்தாலும் அதே பிரிவுகள்தான். மாறுவது ஜெயில்: புதுச்சேரிப் பக்கம் காலாப்பட்டு, கடலூர்ப் பக்கம் கேப்பர் மலை.

பையனைப் பிடித்துவிட்டார்கள் என்று வக்கீலிடம் ஓடும் பெற்றோர் "ஜாமீன் கிடைக்குமா சார்?" என்பார்கள். அவர் திருப்பிக் கேட்பது, "எத்தனை கிராம்?"

கஞ்சாவில் 1 கிலோ வரை 'சிறிய அளவு'. அதற்கு அதிகபட்சம் ஓராண்டுச் சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு': குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20. நடுவில் இருப்பதற்கு 10 ஆண்டு வரை. ஹெராயினில் இதே எல்லைகள் 5 கிராம், 250 கிராம். அதில் மாவையோ வேறு தூளையோ கலந்திருந்தாலும் மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கஞ்சாவில் வேறொரு நுணுக்கம்: சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூத்த, காய்த்த நுனி. அந்த நுனி இல்லாமல் வெறும் இலையும் விதையும் கணக்கில் வராது. மூட்டையோடு எடை போட்ட வழக்குகளில் வக்கீல்கள் முதலில் கை வைப்பது இங்கேதான்.

வணிக அளவு என்றால் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அரசு வழக்கறிஞருக்கு எதிர்க்க வாய்ப்புத் தர வேண்டும். அவர் எதிர்த்தால், இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே வந்தால் குற்றம் செய்ய மாட்டார் என்று இரண்டிலுமே நீதிபதிக்குத் திருப்தி வர வேண்டும். விசாரணையே தொடங்காத நிலையில் இது சுலபமில்லை. ஆனால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனால், அந்தத் தாமதத்தையே காரணமாக வைத்து ஜாமீன் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. 20 கிலோவுக்குள் உள்ள வழக்குக்குப் பொதுவாக இந்த முட்டுக்கட்டை கிடையாது, சாதாரண ஜாமீன் மனுதான்.

அப்புறம் நாள் கணக்கு. வணிக அளவு வழக்கில் 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே வந்துவிடும். அரசு வழக்கறிஞர் காரணம் காட்டி அறிக்கை கொடுத்தால் ஓராண்டு வரை நீட்டிக்கலாம். சிறிய அளவுக்கு 60 நாள். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும். உரிமை தானாக வீடு தேடி வராது. கெடு முடிந்ததும், குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன்பே, மனு போட்டாக வேண்டும். ஒரு நாள் அசந்தால் போயிற்று.

சோதனையைப் பற்றித்தான் அதிகக் குழப்பம். உடம்பைச் சோதிப்பதானால், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்ட்ரேட் முன்னால் சோதிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு என்று போலீஸ் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 50-ஆம் பிரிவு இது. பை, பைக் டேங்க், சீட்டுக்கு அடியில் என்றால் பொருந்தாது. பெண்ணைப் பெண்தான் சோதிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விசாரணையின்போது போதைத் தடுப்பு அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்ற 2020 தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான் வந்தது.

பறிமுதல் செய்த பொருளில் பரிசோதனைக்கு மாதிரி எடுத்ததில் குறை இருந்தால் உடனே ஜாமீன் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அந்தக் குறை ஒன்றை மட்டும் வைத்து ஜாமீன் இல்லை என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

பழக்கத்துக்கு அடிமையாகி, சிறிய அளவோடு பிடிபட்டவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால், 64ஏ பிரிவின்படி வழக்கிலிருந்தே விலக்குக் கேட்கலாம். இது கேப்பர் மலை வாசலில் நிற்கும் பல அம்மாக்களுக்குத் தெரியாது.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால், காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100-இல் கூப்பிடலாம். தமிழ்நாட்டுப் பக்கம் பிடிபட்டவர் மேல் குண்டாஸும் (குண்டர் தடுப்புச் சட்டம்) பாய்ந்தால், அதற்கு ஜாமீன் மனு என்பதே கிடையாது. ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அரசுக்கு முறையீடு அனுப்பலாம், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். அந்த உத்தரவு கைக்கு வந்த அன்றே அதன் நகலை வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.