வீட்ல தமிழ் பேசுறதை நிறுத்திரட்டுங்களா டீச்சரே?

ஓணப் பரிட்சை பேப்பர் குடுத்து ஒரு வாரம் ஆகுறதுக்குள்ள எனக்கு போன் வர ஆரம்பிச்சிரும். கேரளாவுல பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகாவுல, கொழிஞ்சாம்பாறையைச் சுத்தி இருக்கிற ஸ்கூல்களுக்குப் போயி படிப்புல தடுமாறுற பசங்களைப் பாக்குறதுதான் என் வேலை, ஸ்பெஷல் எஜுகேட்டர்னு சொல்லுவாங்க. இந்தத் தடவை போன் பண்ணுன ஒரு அம்மா எடுத்ததும் கேட்டது இதுதான்: "டீச்சரே, நாங்க வீட்ல தமிழ் பேசுறதுனாலதான் இவனுக்கு மலையாளம் ஏறமாட்டேங்குதுன்னு எல்லாரும் சொல்றாங்கங்க, இனி வீட்லயும் மலையாளமே பேசிரட்டுங்களா?"

வேண்டாம்மா, முதல்ல நோட்டை எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன்.

பையன் நாலாங்கிளாஸ், மலையாளம் மீடியம். நோட்டு பூரா சிவப்பு வட்டம். உக்காந்து ஒவ்வொரு வட்டமா பாத்தா முக்காவாசி ஒரே ரகத் தப்பு. பஸ்ஸுன்னு எழுதணும், மலையாளத்துல அதுக்கு ஆரம்பத்துல வர்ற எழுத்து வேற, இவன் பல்லுக்குப் போடுற எழுத்தைப் போட்டிருக்கான். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே ப தானே. கடல், மகன், தங்கம் மூணையும் சொல்லிப் பாருங்க, மூணு இடத்துலயும் க வேற வேற சத்தமா வருது, ஆனா எழுத்து ஒண்ணுதான், இடத்தைப் பாத்து சத்தத்தை மாத்திக்கிற வித்தை நம்ம பசங்களுக்கு நாலு வயசுலயே வந்துருது. மலையாளத்துல அந்த ஒரு க இருக்கிற இடத்துல நாலு எழுத்து நிக்குது. அப்ப இவன் போட்டது முட்டாள்தனமான தப்பே இல்ல, தனக்குத் தெரிஞ்ச கணக்கை இங்க கொண்டுவந்து போட்டிருக்கான். வட்டம் போட்ட டீச்சரையும் நான் குத்தம் சொல்லல, நாப்பது நோட்டு திருத்துறவங்களுக்கு இதையெல்லாம் யோசிக்க எங்க நேரம்.

எங்களுக்கு இதுல ஒரு முக்கியமான சோதனை இருக்கு. நிஜமாவே டிஸ்லெக்சியா மாதிரி கற்றல் குறைபாடுன்னா அது ஒரு மொழியில மட்டும் வந்து நிக்காது. தமிழ்லயும் எழுத்தைக் கூட்ட முடியாது, "மரம்"ல முதல் சத்தம் என்னன்னு வாயால கேட்டாக்கூட திணறுவான். ரெண்டு மொழியிலயும் அப்படின்னா தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க, பி.ஆர்.சி.ன்னு சொல்ற வட்டார வள மையத்துல எங்களை மாதிரி ஆள் இருக்காங்க, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல கற்றல் குறைபாடும் சேத்திருக்காங்க, முறையா சர்டிஃபிகேட் வாங்கினா பரிட்சையில கூடுதல் நேரம் மாதிரி சலுகை உண்டு. "எம் பையனுக்கு அந்த மாதிரி பேரெல்லாம் வேண்டாமுங்க"ன்னு சொல்லிட்டுப் போயி ஒன்பதாங்கிளாஸ்ல திரும்பி வந்தவங்களை நான் பாத்திருக்கேன். ஒரு மொழியில மட்டும் தடுமாறினா பெரும்பாலும் அது பழக்கம் பத்தாத பிரச்சனைதான். இந்தப் பையன் தமிழ்ல நான் சொன்னதையெல்லாம் பிரிச்சு பிரிச்சு சொன்னான், கதை வேற சொன்னான்.

அப்புறம் ஏன் வீட்ல தமிழை நிறுத்தக்கூடாது? ஏற்கெனவே நிறுத்திப் பாத்த வீடுகள் எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரிஞ்ச மலையாளம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும், அவ்வளவுதான், அதை வச்சுக்கிட்டு பிள்ளைகிட்ட பேசினா சாப்பிடு, எழுது, தூங்கு தவிர வேற எதுவும் வாயில வராது. ஏன் மழை பெய்யுது, தாத்தா ஏன் கோவிச்சுக்கிட்டாரு, கிணத்துல தண்ணி ஏன் இறங்கிருச்சு, இந்த மாதிரி நீட்டி முழக்கிப் பேசுற பேச்சே அந்த வீட்ல நின்னு போயிருது. ஆனா பாடப் புத்தகம் கேக்குறதே அந்தப் பேச்சைத்தான். காரணம் சொல்லு, ஒப்பிடு, விவரின்னுதானே கேள்வி வருது. தமிழ்ல காரணம் சொல்லத் தெரிஞ்ச பிள்ளைக்கு மலையாளத்துல வார்த்தை மட்டும் கிடைச்சா போதும். ஜிம் கம்மின்ஸ்னு கனடாவுல ஒரு ஆய்வாளர், ரெண்டு மொழிப் பிள்ளைகளைப் பத்தியே வருஷக்கணக்கா வேலை பாத்தவர், அவர் சொல்றது, புது மொழியில சாதாரணமா பேசப் பழக ரெண்டு வருஷம் போல, பாடத்தோட மொழி கைக்கு வர அஞ்சுலேர்ந்து ஏழு வருஷம் கூட ஆகலாம். நாம நாலாங்கிளாஸ்லயே பதறுறோம். கிரவுண்ட்ல மலையாளத்துல சண்டை போடுறவனுக்கு பேப்பர்ல ஏன் எழுத வரலன்னு கேக்குறாங்க, ரெண்டும் வேற வேற சமாச்சாரம்.

வார்த்தை குழப்பம் நமக்கே தீரல. ஒரு ஸ்கூல்லேர்ந்து போன் பண்ணி குட்டிக்கு பனின்னு சொல்லியிருக்காங்க, மலையாளத்துல பனின்னா காய்ச்சல், இந்தம்மா மார்கழிப் பனின்னு நெனச்சு ஸ்வெட்டரை எடுத்துட்டு ஓடியிருக்காங்க! சிரிப்பா இருக்கும், ஆனா இந்த மாதிரி கதையை வீட்ல உக்காந்து பேசுங்க, எந்த வார்த்தை இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு பிள்ளையையே சொல்லச் சொல்லுங்க. வெள்ளம்னா நமக்கு ஊரே முழுகணும், மலையாளத்துல அது வெறும் தண்ணி, அவங்களுக்கு ஒரு டம்ளர் போதும்.

அந்தம்மா கேட்டாங்க, "நான் அஞ்சாவதுதான் டீச்சரே, என்னத்தச் சொல்லித் தர?" வீட்ல ரெண்டு மாடு, காலையில சொசைட்டிக்குப் பால் ஊத்துறாங்க. அந்தப் பால் சீட்டு இருக்காம்மான்னு கேட்டேன். பர்ஸ்லேர்ந்து நாலா மடிச்ச சீட்டை எடுத்தாங்க, லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப் (கொழுப்பு போக மீதிச் சத்து), ரேட், தொகைன்னு வரிசையா இருக்கு. புள்ளி வச்ச எண்ணே வரமாட்டேங்குதுன்னு கணக்கு டீச்சர் எழுதியனுப்புன பையன்கிட்ட, ஆறரை லிட்டர், லிட்டர் 44 ரூவான்னா எவ்வளவுடான்னு கேட்டேன். மேல பாத்தான், 264, அப்புறம் ஒரு 22, 286ன்னான். பேப்பர் தொடல. அதையே 6.5 x 44னு எழுதிக் காட்டினா முழிக்கிறான். ரெண்டும் ஒண்ணுதான்டான்னு காட்டத்தான் ஆள் இல்ல. தினமும் அந்தச் சீட்டை அவனைப் படிக்கச் சொல்லுங்க, நேத்தைக்கு இன்னிக்கு ஃபேட் ஏன் குறைஞ்சதுன்னு கேளுங்க, உங்களுக்குத்தானே மாட்டைப் பத்தித் தெரியும், அவனுக்கு விளக்கிச் சொல்லுங்க. மாசம் ஆயிரம் ரூவா டியூஷனுக்கு நான் எதிரி இல்ல, ஆனா ஆறு மணிக்கு டியூஷன் போயி எட்டரைக்கு வர்ற பிள்ளைகிட்ட வீட்ல யாரும் அஞ்சு நிமிஷம் பேசலன்னா என்ன பிரயோஜனம்.

இன்னும் சிலது சுருக்கமா. பத்துப் பன்னெண்டு வயசு வரைக்கும் ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேணும், ராத்திரி பதினொரு மணி வரைக்கும் போன்ல இருந்துட்டு ஆறுக்கு எழுந்திரிக்கிறவன் கிளாஸ்ல தூங்கத்தான் செய்வான். போர்டைப் பாத்து எழுதும்போது மட்டும் தப்பு வருதுன்னா கண்ணைக் காட்டுங்க. ரெண்டு தடவை கூப்பிட்டாதான் திரும்புறான், அடிக்கடி சளி, காதுவலின்னா காதைக் காட்டுங்க. கவனமில்லைன்னு திட்டு வாங்குன எத்தனையோ பிள்ளைங்களுக்கு காதுக்குள்ள நீர் கோத்திருந்ததுதான் காரணம். பொள்ளாச்சியில இங்கிலீஷ் மீடியம் படிக்கிற மாமா பையனை இழுத்துப் பேசாதீங்க, அவ்வளவுதான் சொல்லுவேன்.

கிளாஸ் பி.டி.ஏ.வுக்கு, அதான் பெத்தவங்க-டீச்சர் கூட்டத்துக்கு, வாங்க. அப்பாக்கள் வர்றதே அபூர்வம், வந்தாலும் மலையாளம் சரியா வராதுன்னு கடைசி பெஞ்ச்ல உக்காந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாங்க. தமிழ்லயே கேளுங்க, இந்தப் பக்கத்து டீச்சர்களுக்குப் புரியும். மார்க் எவ்வளவுன்னு கேக்காதீங்க, அது பேப்பர்லயே இருக்கு. எந்த இடத்துல தடுமாறுறான், கிளாஸ்ல வாய் திறக்குறானா, மத்தியானம் யார்கூட உக்காந்து சாப்பிடுறான், இதைக் கேளுங்க.

அந்தப் பையனைப் போன வாரம் பாத்தேன். பஸ்ஸுக்குப் பத்துல நாலு தடவை இன்னும் பல்லோட எழுத்தைத்தான் போடுறான். முன்னாடி பத்துக்குப் பத்து.