ஒற்றைக் கண்ணில் மட்டும் தெரிந்த ஒளி

கொடைக்கானலில் கண் மருத்துவம் பார்க்கிறேன். போன மழைக்காலத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கண்ணாடி பவர் மாற்ற வந்தார். ஆளுயர ஓவியத் துணியில் ஒரே நிறத்தை மெலிதாக, அடுக்கடுக்காகப் பூசுகிறவர். உருவம், கோடு எதுவும் கிடையாது. தினமும் விடிகாலையில் அதன் முன் அரை மணி நேரம் உட்காருவாராம். கிளம்பும்போது, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்:

"நாலு நாளா ஓரத்துல பளிச்சுனு ஒரு ஒளி வருது டாக்டர். கண்ணை மூடினாலும் தெரியுது. வடலூர்ல ஏழு திரையும் விலகி ஜோதி தெரியுமே, அந்த மாதிரி நமக்கும் ஏதோ விலகுதோன்னு நினைச்சேன்."

"எந்தக் கண்ணுலம்மா?"

"அதைப் பார்க்கலையே."

அறையை இருட்டாக்கி, ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி, பார்வையை இருபுறமும் ஓட்டச் சொன்னேன். வலது கண்ணில் மட்டும் மின்னியது. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்த்தால், விழித்திரையின் மேலோரத்தில் குதிரை லாட வடிவில் ஒரு கிழிசல். அன்று மதியமே மகனோடு மதுரைக்கு அனுப்பினேன். கிழிசலைச் சுற்றி லேசர் போட்டார்கள்.

நிறத்தின் முன் உட்கார்ந்தால் கண் பல வேடிக்கை காட்டும் என்பது உண்மைதான். மாறுவதைத்தான் கண் மூளைக்குச் சொல்லும். மாறாமல் நிற்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடும். மேகம் இறங்கிய நாளில் இங்கே கோக்கர்ஸ் வாக் மலையோரப் பாதையில் நின்று பாருங்கள், எதிரே உள்ள வெள்ளை மெல்லச் சாம்பலாகிவிடும். சிவப்பை உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் நீலப்பச்சை மிதக்கும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் மார்க் ராத்கோவின் 14 ஓவியங்களுக்காகவே கட்டி, 1971இல் திறந்த ஒரு தியான மண்டபம் இருக்கிறது. நுழைந்ததும் பல ஓவியங்கள் வெறும் கறுப்பாகத் தெரியும். இருக்க இருக்கத்தான் உள்ளிருந்து ஊதா எழும். மங்கிய ஒளிக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். அந்த அம்மா உட்காரும் அரை மணிக் கணக்கு தற்செயலோ என்னவோ, சரியாகத்தான் இருக்கிறது.

இதெல்லாம் பொதுவாக இரண்டு கண்ணிலும் வரும், சற்று நேரத்தில் போய்விடும். எனக்குப் பயம் ஒற்றைக் கண்ணில் வருவதைப் பார்த்துதான். கண்ணுக்குள் இருக்கும் நுங்கு போன்ற விட்ரியஸ், வயதாக ஆக நீர்த்துச் சுருங்கும். விலகும்போது விழித்திரையை இழுக்கும்; அந்த இழுப்பைத்தான் மூளை மின்னலாகப் படிக்கிறது. இழுத்த இடம் கிழிந்தால் நீர் உள்ளே புகுந்து திரை உரியத் தொடங்கும். ஐம்பது தாண்டியவர்கள், மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள், கண்புரை அறுவை செய்தவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பல வருஷமாகக் கண்முன் கூடவே மிதக்கும் ஒன்றிரண்டு நூலிழைக்காக ஓடி வர வேண்டாம். புதிதாக மின்னல், திடீரென்று கொசுக்கூட்டம் போலக் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து கறுப்புத் திரை இறங்குவது: இவற்றில் எது வந்தாலும் அன்றே போய்ப் பாப்பாவை விரித்துப் பரிசோதனை செய்யுங்கள். இவை வந்தால் வலிக்காது, அதனால்தான் தள்ளிப்போடுகிறார்கள். உரிதல் நடு விழித்திரைக்கு வந்துவிட்டால், அறுவை செய்தாலும் பழைய பார்வை முழுதாகத் திரும்புவது கடினம்.

லேசருக்குப் பிறகும் அம்மாவுக்குச் சில வாரம் அவ்வப்போது மின்னியது, அது சகஜம். இப்போது ஓவியத்தின் முன் உட்காருவதற்கு முன், ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாராம்.