சிங்கப்பூர் வானில் நட்சத்திரம் முழு வட்டம் போடாது

மரினா பே சேண்ட்ஸுக்கு மேலே நட்சத்திரங்கள் முழு வட்டம் வட்டமாகச் சுழலும் படம் ஒன்று உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கலாம். பார்க்க அழகுதான். ஆனால் அது இங்கே எடுத்த வானம் இல்லை. எங்கோ எடுத்த வானத்தை நம்மூர்க் கட்டடத்தின் மேல் ஒட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை நகர்கின்றன. அந்த நகர்வுதான் படத்தில் கோடாக விழுகிறது. கோடுகளின் மையம் வான துருவம், அதாவது பூமியின் அச்சு நீண்டு வானத்தைத் தொடும் இடம். அது தொடுவானுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை ஊரின் அட்சரேகை தீர்மானிக்கிறது. லண்டனில் 51 பாகை, சென்னையில் 13, சிங்கப்பூரில் 1.3 மட்டுமே. துருவ நட்சத்திரம் இங்கே வடக்கே, மலேசியாவின் ஜொகூர்ப் பக்கம் தரையோடு தரையாகக் கிடக்கிறது. விடிய விடிய எடுத்தாலும் வடக்கே அரை வட்டம், தெற்கே அரை வட்டம், அவ்வளவுதான்.

கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். ஜோடிகள் இப்படியொரு படத்தைக் காட்டி, "அண்ணே, பின்னாடி இதே மாதிரி வேணும்" என்பார்கள். ஒட்டித் தருவது பெரிய வேலை இல்லை. ஒட்டியது என்று சொல்லிக் கொடுத்தால் எனக்கு ஆட்சேபமும் இல்லை. ராத்திரி முழுக்கக் கண்விழித்து எடுத்ததாகச் சொல்லித் தனிக்கட்டணம் வாங்குவதுதான் வயிற்றெரிச்சல். நிறையப் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித்தான் இப்படிக் கோடு வரவைக்கிறோம். சந்தேகமாக இருந்தால், அடுக்குவதற்கு முன்னால் இருந்த தனித்தனிப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையாக எடுத்தவரிடம் அவை நூற்றுக்கணக்கில் இருக்கும்.

சரி, நம் வானத்தில் என்னதான் கிடைக்கும்? கிழக்கே அகல லென்ஸை வைத்துப் பாருங்கள். நடுவில் கோடுகள் நேராக மேலே ஏறும். இடப்பக்கக் கோடுகள் வடக்கே வளையும், வலப்பக்கக் கோடுகள் தெற்கே வளையும், வகிடு எடுத்துத் தலை வாரியதுபோல. லண்டன்காரருக்கு இந்தச் செங்குத்துக் கோடு கிடைக்காது. ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டை வான நடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டை) ஒட்டியிருப்பதால், பிப்ரவரியில் இரவு 9 மணி வாக்கில் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு மேலே இருக்கும். மே மாதம் வடக்கே சப்தரிஷி மண்டலம். மண்டபத்தில் பட்டப்பகலில் காட்டப்படும் அருந்ததி அதில்தான் இருக்கிறாள். இங்குள்ள வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்குச் சிக்குவது கஷ்டம்.

வெளிச்சம்தான் பெரிய தொல்லை. 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபட ஆய்வில், நாடுகளில் சிங்கப்பூர்தான் முதலிடம். ஆகவே அரை மணி நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கும் பழைய முறை இங்கே எடுபடாது. படம் வெளுத்துப் போகும். 15 விநாடிப் படங்களாக, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400, எஃப் (லென்ஸ் திறப்பு) 4 என்று தொடங்கி, இடையில் ஒரு விநாடிக்கு மேல் விடாமல் ஒரு மணி நேரம் எடுங்கள். வானம் வெளுத்தால் ஐஎஸ்ஓவைக் குறைத்துக்கொள்ளலாம். 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்ற, படத்தில் விழும் இரைச்சல் புள்ளிகளைக் குறைக்கும் வசதியை அணைத்து வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேமரா அதே அளவு நேரம் எடுத்துக்கொள்ளும். கோடு புள்ளி புள்ளியாக அறுந்துவிடும். ஸ்டார்ஸ்டாக்ஸ் போன்ற இலவச மென்பொருள் இந்தப் படங்களை அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் அதிக வெளிச்சமானதை மட்டும் வைத்துக்கொள்ளும். விமானக் கோடுகளை அடுக்குவதற்கு முன்பே தனிப்படத்தில் அழித்துவிட வேண்டும். விமான நிலையத்தை ஒட்டிய சாங்கி கடற்கரையில் எடுப்பவர்களுக்கு இந்த வேலை நிறைய உண்டு.

ஜோடியும் படத்தில் வேண்டுமென்றால், முதல் படத்தில் மட்டும் ஃபிளாஷ் அடித்து எடுத்துவிடுவேன். அப்புறம் அவர்கள் சாப்பிடப் போகலாம், கேமரா தன் வேலையைப் பார்க்கும்.

ஏர்கான் அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் மூடுபனி போட்டுக்கொள்ளும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வையுங்கள். நள்ளிரவுக்கு மேல் பனி பூக்கும். பவர் பேங்கில் ஓடும் லென்ஸ் சூடேற்றும் பட்டை உதவும்.

இடம் தேடும்போது கவனம். கோனி தீவு இரவு 7 மணிக்கு மூடப்படும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கூடாரம் போட அனுமதி வாங்க வேண்டும். லிம் சூ காங் பக்கம் ராணுவப் பகுதிகள் இருக்கின்றன. நான்கு மொழியிலும் எழுதி, துப்பாக்கி ஏந்திய உருவம் போட்ட பலகை தெரிந்தால், அந்தத் திசையில் கேமராவைத் திருப்பாதீர்கள். நட்சத்திரத்தைக் காட்ட லேசர் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். விமானத்தின் மேல் பட்டால் விமானியின் கண் கூசும், அது குற்றமும்கூட. ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா புயற்காற்று திடீரென வரும். வானிலை சொல்லும் மைஎன்வி செயலியில் மின்னல் எச்சரிக்கை வந்தால், கோடு பாதியில் அறுந்தாலும் பரவாயில்லை, திறந்தவெளியில் முக்காலியோடு நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.