விழப்போகிற பல்லுக்கு எதற்கு நரம்பு வைத்தியம்?

தண்டையார்பேட்டையில் ஒரு பல் கிளினிக். ஆறு வயதுப் பையன் கன்னத்தைப் பிடித்தபடி நாற்காலியில் சாய்ந்திருக்கிறான். "எப்படியும் விழுற பல்லுதானே டாக்டர், புடுங்கிப் போட்டுடுங்க" என்கிறார் அவனுடைய ஆயா.

நியாயமான பேச்சுதான். முன்பல் என்றால் ஆறேழு வயதில் விழுந்துவிடும். ஆனால் பால் கடைவாய்ப்பல் 10, 12 வயதுவரை நிற்க வேண்டியது. இப்போதே பிடுங்கினால், அதன் பின்னால் முளைக்கும் நிரந்தரப் பல், ஷேர் ஆட்டோவில் இடம் கண்ட ஆள் மாதிரி, முன்னால் நகர்ந்து சாய்ந்துகொள்ளும். அடியில் காத்திருக்கும் பல்லுக்கு வழியிருக்காது.

பால் பல்லின் எனாமல் மெல்லிசு, உள்ளே கூழ் அறை பெரிசு. சொத்தை சீக்கிரம் எட்டிவிடும். நரம்பு என்று நாம் சொல்வது நரம்பும் ரத்தக் குழாய்களும் சேர்ந்த மெத்தென்ற கூழ்தான். அது வீங்கினால் விரிய இடமில்லை. சுற்றிலும் கெட்டிச் சுவர். மிட்டாய் தின்னும்போது மட்டும் சுரீர் என்றால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ராத்திரி தூக்கத்தில் எழுப்பி அழவிடும் வலி என்றால் சந்தேகம்தான்.

மரத்துப்போக ஊசி போட்டு, சொத்தையைச் சுரண்டி, பல்லின் தலைப்பகுதியில் இருக்கும் கூழை மட்டும் டாக்டர் எடுக்கிறார். பிறகு ஈரப் பஞ்சை வைத்துச் சில நிமிடம் அழுத்துகிறார். எக்ஸ்ரே காட்டாததை இந்தப் பஞ்சு சொல்லிவிடும். ரத்தம் நின்றால் வேரில் உள்ள கூழ் பிழைக்கும். நிற்காமல் கசிந்தால் அழற்சி வேருக்கும் இறங்கிவிட்டது என்று பொருள்.

நின்றுவிட்டால் அதன்மேல் எம்.டி.ஏ. என்கிற பல் சிமெண்ட் பூச்சு. வீடு கட்டும் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இது நெருங்கிய சொந்தம், ஈரத்திலேயே இறுகும். நிற்காவிட்டால் வேர்க் கூழையும் வழித்தெடுத்துப் பசை நிரப்ப வேண்டும். பெரியவர்களுக்கு வைக்கும் கட்டாபெர்ச்சா என்கிற ரப்பர் மாதிரியான அடைப்பு இங்கே ஆகாது. புதுப் பல் மேலேறும்போது பால் பல்லின் வேர் கரையும். உள்ளிருக்கும் பசையும் கூடவே கரைய வேண்டும். அதனால்தான் ஜிங்க் ஆக்சைடு யூஜினாலோ, கால்சியம் ஹைட்ராக்சைடும் அயோடோஃபார்மும் கலந்த பசையோ போடுகிறார்கள்.

ஈறில் சீழ்க்கட்டி வந்து வேரும் எலும்பும் அரித்துப் போயிருந்தால்? அப்போது ஆயா சொன்னதுதான் சரி. பிடுங்கிவிட்டு, இடத்தைக் காக்க ஒரு கம்பி வளையம் மாட்டுவார்கள்.

பையனின் பஞ்சை எடுத்துப் பார்க்கிறார் டாக்டர். கசிவு இல்லை. பூச்சுக்கு மேல் ஸ்டீல் கேப் ஏறுகிறது. "இத எப்போ கழட்டுவாங்க?" என்று ஆயா கேட்கிறார். கழற்றவே வேண்டாம், பல் விழும்போது கேப்பும் சேர்ந்தே விழுந்துவிடும்.