காய்கறி பிடிக்காத பெரியவர்களுக்கு: நாக்கைப் பழக்கும் முறை

வயது நாற்பதைத் தொட்ட பிறகும் காய்கறியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குகிறவர்கள் நிறையப் பேர். உணவு ஆலோசனைக்கு வந்தால் ஏதோ குற்றம் செய்தவர்களைப் போலக் கூசிக்கொண்டுதான் பேசத் தொடங்குகிறார்கள். அந்தக் கூச்சம் தேவையே இல்லை. கசப்பை உணரும் திறன் ஆளுக்கு ஆள் மாறும்; அதில் டிஏஎஸ்2ஆர்38 என்ற மரபணுவுக்குப் பங்குண்டு. முட்டைக்கோஸ், புரோக்கோலி வகைகள் பக்கத்தில் இருப்பவருக்கு இனிக்க, உங்களுக்கு மட்டும் கசப்பது உண்மையாகவே நடக்கக்கூடியதுதான்.

முதல் வேலை, ஒரு காயைச் சொல்லி "இது பிடிக்காது" என்பதோடு நிறுத்தாமல், அதில் எது பிடிக்கவில்லை என்று பார்ப்பது. சுவையா, வாசனையா, வாயில் படும் பதமா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கசப்பு என்றால் உப்பும் கொழுப்பும் உதவும். உப்பு கசப்பை அடக்கிவிடும், ஒரு சிட்டிகையே போதும். வாசனை என்றால் பெரும்பாலும் வேகவைக்கும் நேரத்தில்தான் கோளாறு. முட்டைக்கோஸை நெடுநேரம் கொதிக்கவிட்டால் கந்தகச் சேர்மங்கள் பெருகி, அழுகிய முட்டை வாடை வரும். மெல்லியதாக நறுக்கி ஐந்து நிமிடத்துக்குள் இறக்கினால் அந்த வாடை பெருமளவு குறையும்.

பெரியவர்களை அதிகம் விரட்டுவது பதம்தான். வெளியே வழவழ, உள்ளே நார், கடித்தால் தண்ணீர் என்று ஒரே வாயில் இரண்டு மூன்று பதம் வந்தால் குமட்டுகிறது. இதற்கு நல்ல தொடக்கம் வறுத்த காலிஃபிளவர். 400 கிராம் பூவை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக்கிக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு சேர்த்துப் பிசறி, ஓவனில் 220 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம் வையுங்கள். நடுவில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். ஓவன் இல்லையென்றால் அகலமான கனத்த வாணலி போதும், மூடி மட்டும் போடக்கூடாது. ஓரங்கள் கரும்பழுப்பாகி முறுகும்வரை பொறுங்கள்.

இதில் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: துண்டுகளை நெருக்கிக் குவிப்பது. ஈரம் வெளியேற வழியில்லாமல் காய் ஆவியிலேயே வேகும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. முறுகலும் இனிப்பும் வரச் சுமார் 140 டிகிரி வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் இடைவெளி விடுங்கள், இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாக வறுங்கள்.

வெண்டைக்காயின் கொழகொழப்பைக் கூட்டுவதும் ஈரம்தான். கழுவி, முழுதாக உலர்ந்தபின் நறுக்குங்கள். திறந்த வாணலியில் கூடிய தீயில் வதக்கி, உப்பைக் கடைசியில் போடுங்கள்; முன்பே போட்டால் நீர் விட்டுவிடும். இறக்கும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் வழவழப்பு இன்னும் குறையும்.

சமையல் சரியான பிறகுதான் பழக்கம். ஒரே காய், ஒரே செய்முறை, பட்டாணி அளவுத் துண்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். பத்துப் பதினைந்து தடவை ஆகலாம். மூன்றாவது தடவையிலேயே "நமக்கு ஒத்துவராது" என்று கைவிடுவதுதான் வழக்கமான சறுக்கல். துப்ப ஒரு காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். துப்பலாம் என்று தெரிந்தாலே தொண்டை இறுக்கம் தளரும். குமட்டல் வருமளவுக்குத் திணித்தால் அந்தக் காயின் மேல் வெறுப்புதான் கூடும். வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டே இருக்காமலும், பாராட்டாமலும் இருப்பது பேருதவி.

ஏற்கனவே பிடித்த உணவிலிருந்து அடுத்த படிக்கு நகருங்கள். உருளைக்கிழங்கு வறுவல் பிடிக்கும் என்றால் கேரட்டையும் அதே அளவில் நறுக்கி அதே போல வறுங்கள். அரைத்துக் குழம்பில் மறைத்துவிட்டால் சத்து சேரும், நாக்கு பழகாது. அதைவிடத் துருவிய கேரட்டில் தொடங்கி, அது இயல்பானதும் மூன்று மில்லிமீட்டர் துண்டு, பிறகு ஒரு சென்டிமீட்டர் என்று அளவைக் கூட்டுவது நல்லது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது பழமும் காயும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 400 கிராம்; உருளைக்கிழங்கு கணக்கில் வராது. ஆனால் அந்த எண்ணை முதல் மாதமே துரத்த வேண்டாம். நார்ச்சத்து திடீரென்று கூடினால் வயிறு உப்பும், வாயு பிரியும். ஒரு நாள் அளவை வாரத்துக்கு 50 கிராம் வீதம் ஏற்றி, தண்ணீரையும் கூட்டுங்கள்.

சிலர் மருத்துவரிடம் கேட்டபின்தான் தொடங்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றிவிடும். சிறுநீரக நோயாளிகளில் சிலர் காய்களில் உள்ள பொட்டாசியத்தை அளவோடுதான் சேர்க்க வேண்டியிருக்கும். பச்சைக் கேரட்டைக் கடித்ததும் உதடும் வாயும் அரித்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம்; பழகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள்.

மிகச் சில உணவுகள் மட்டுமே இறங்குகின்றன, எடை குறைகிறது, சத்துக் குறைபாடு தெரிகிறது, நாலு பேரோடு சாப்பிடப் பயந்து விருந்துகளைத் தவிர்க்கிறீர்கள் என்றால் அது வெறும் பிடிவாதமாக இருக்காது. ஏஆர்எஃப்ஐடி என்ற உணவுத் தவிர்ப்புக் கோளாறு 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றிருக்கிறது, சிகிச்சையும் உண்டு. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு வாரம் சாப்பிட்டதை எல்லாம் எழுதிக் கொண்டுபோங்கள்: என்ன உணவு, எப்படிச் சமைத்தது, எதைத் துப்பினீர்கள் என்பது வரை.