ஓசையில்லாத பொம்மையைக் காட்டுங்கள்

"குழந்தை பார்க்கிறானா?" என்று கேட்டால், "கிலுகிலுப்பையை ஆட்டினால் உடனே திரும்புகிறானே, டாக்டர்" என்பார்கள். பார்வையே இல்லாத குழந்தையும் ஓசைக்குத் திரும்பும். நகரும் பொருளைக் கண் பின்தொடர்கிறதா என்று அறிய, ஓசையில்லாத பொருள் வேண்டும். சிவப்புக் கம்பளிப் பந்து போதும். பேசாமல் அசையும் அம்மாவின் முகம் அதைவிட நல்லது.

பிறந்த குழந்தைக்கும் அசைவு தெரியும். ஆனால் பந்தை ஓரடித் தொலைவில் மெல்ல நகர்த்தினால், கண்கள் சீராகப் போகாமல் தாவித் தாவிப் பின்தங்கியே போகும். 6 முதல் 8 வாரங்களில் இடையிடையே சீரான ஓட்டம் வரும். பொருள் எந்தத் திசையில் போகிறது என்பதைப் பெருமூளைப் புறணி, அதாவது பெருமூளையின் மேலடுக்கு, பிரித்தறியத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான்.

கறுப்பு வெள்ளைக் கோடுகள் போட்ட உருளை ஒன்றை நாங்கள் பயன்படுத்துகிறோம். 2 மாதக் குழந்தையின் ஒரு கண்ணை மறைத்துவிட்டு, கோடுகள் காதுப் பக்கமிருந்து மூக்கை நோக்கி ஓடும்படி சுழற்றினால், திறந்த கண் ஒரு கோட்டோடு நகர்ந்து, வெடுக்கென்று திரும்பி, அடுத்த கோட்டைப் பிடிக்கும். எதிர்த்திசையில் சுழற்றினால் பெரும்பாலும் அப்படித் தொடராது. பெற்றோர் பதறுவார்கள், அந்த வயதுக்கு அது இயல்பே. அப்போது இந்த அசைவை நடத்துவது முக்கியமாக மூளையின் அடிப்பகுதியிலுள்ள மூளைத்தண்டு. புறணியின் இணைப்புகளும் இரு கண்களும் இணைந்து பார்க்கும் திறனும் வலுப்பட, ஏறக்குறைய 6 மாதத்துக்குள் இரு திசையும் சமமாகிவிடும்.

அந்த மாதங்களில் ஒரு கண் நிலையாக உள்நோக்கித் திரும்பியிருந்தால், இந்தச் சமநிலை சரியாக அமைவதில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே மாறுகண் வந்த பெரியவர்களிடமும் அதே ஒருபக்கச் சாய்வை உருளை காட்டிவிடும். 'மாறுகண் அதிர்ஷ்டம்' என்று சொல்லி வீட்டில் வைத்திருந்த குழந்தைகளைப் பார்க்கும்போது மனம் தாங்குவதில்லை. முதல் வாரங்களில் கண் எப்போதாவது விலகுவது சாதாரணம். எந்நேரமும் விலகியே இருந்தாலோ, 4 மாதத்துக்குப் பிறகும் விலகினாலோ காட்டிவிடுங்கள்.

3 மாதம் முடிந்தும் ஓசையில்லாத பொருளைத் தொடராத குழந்தையையும் அழைத்து வாருங்கள். குறைமாதத்தில் பிறந்திருந்தால், மருத்துவர் குறித்த பிரசவத் தேதியிலிருந்து மாதத்தைக் கணக்கிடுங்கள். கண்ணின் நடுவே கறுப்பாக இருக்க வேண்டிய கண்மணி வெண்மையாகத் தெரிந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அது புற்றுக்கட்டியாக இருக்கலாம். பிறவிக் கண்புரையாகவும் இருக்கலாம். ஒரு கண்ணை அடர்ந்த புரை மூடியிருந்தால், 6 வார வயதை ஒட்டியே அறுவை சிகிச்சை நடக்க வேண்டும். தெரிந்த அன்றே வாருங்கள்.