பழுப்புப் பவளம் நீல வெளிச்சத்தில் மட்டும் ஏன் மின்னுகிறது?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: கொளத்தூர் அலங்கார மீன் கடையில் பச்சையாக மின்னிய காளான் பவளம், வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவந்து டியூப் லைட்டில் பார்த்தால் பழுப்பாக இருக்கிறதே, சாயம் ஏற்றி விற்றுவிட்டார்களா? இல்லவே இல்லை. பழுப்பு, பச்சை இரண்டுமே அசல்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு உயிர்களின் நிறம்.

பவளம் ஒரு விலங்கு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதன் சதைக்குள் சூசாந்தெல்லே என்ற ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது, ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சம் என்ற அளவுக்கு. பாசி வெளிச்சத்தில் சர்க்கரை தயாரிக்கும், பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் 90 சதவீதம் வரை அதிலிருந்தே கிடைத்துவிடும். பழுப்பு இந்தப் பாசியின் நிறம். அதனால் பழுப்பாக இருக்கும் பவளம் நோயாளி அல்ல, பெரும்பாலும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற பவளம்.

பச்சை, ஊதா, சிவப்பு எல்லாம் விலங்கு தானே செய்துகொள்ளும் புரதங்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. சுமார் 230 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி, 11 இழைகளாக மடிந்து பீப்பாய் வடிவம் எடுக்கிறது. பீப்பாயின் நடுவில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று அமினோ அமிலங்கள் தாங்களாகவே வளைந்து ஒன்றோடொன்று பிணைந்து, கொஞ்சம் ஆக்சிஜனும் சேர்ந்ததும் நிறமியாகிவிடுகின்றன. நொதி வேண்டாம், அந்த ஆக்சிஜனைத் தவிர வெளியிலிருந்து எந்தப் பொருளும் வேண்டாம், மரபணுவைக் கொடுத்தால் புரதம் தன் நிறத்தைத் தானே சமைத்துக்கொள்ளும்! இந்த நிறமி நீல ஒளியை விழுங்கி, அதன் ஆற்றலில் ஒரு பங்கை இழந்து, மீதியைப் பச்சையாகவோ சிவப்பாகவோ வெளியே விடுகிறது. கடையில் நீல எல்இடி எரிந்ததால் மின்னியது, உங்கள் டியூப் லைட்டில் வெள்ளை வெளிச்சம் அந்த மின்னலை அமுக்கிவிடுகிறது, அவ்வளவுதான். இதே குடும்பத்தில் மின்னாத புரதங்களும் உண்டு. அவை ஒளியை விழுங்குவதோடு சரி. ஊதாவும் நீலமுமாகக் கிளை விடும் பவளங்களின் நிறம் பெரும்பாலும் அவற்றிலிருந்து வருவதுதான், அதைப் பார்க்க நீல விளக்கு தேவையில்லை.

சரி, பவளம் எதற்காக இந்தச் செலவைச் செய்கிறது? ஆழமில்லாத தண்ணீரில் வெயில் அதிகம், அளவுக்கு மீறிய ஒளி பாசியைக் கெடுத்துவிடும். மொட்டை மாடித் தோட்டத்தில் சித்திரை வெயிலுக்குப் பச்சை வலை கட்டுகிறோமே, அந்த வேலையைத்தான் நிறமி செய்கிறது. 2020-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் அழகான ஒரு சுழற்சியை விளக்கினார்கள். லேசான வெப்பத்தில் பவளம் பாசியை இழக்கிறது. ஒளியைக் குடிக்கப் பாசி இல்லை, உள்ளே இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கூடும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது, ஆகவே சதைக்குள் ஒளி ஏறுகிறது. அதிலுள்ள நீலப் பங்கே நிறமி மரபணுக்களை முடுக்கிவிடுகிறது, பவளம் பளபளவென்று நிறம் ஏறுகிறது. அந்த நிழலில் பாசி திரும்பி வந்து பெருக, உள்ளே ஒளி குறைய, நிறமி உற்பத்தியும் குறைகிறது. மூளையே இல்லாத ஒரு விலங்கு, தன் உடம்புக்குள் இருக்கும் வெளிச்சத்தை அளந்து நிழலைக் கூட்டிக் குறைக்கிறது. வெப்பம் கடுமையாக இருந்தால் இதற்கெல்லாம் நேரமே கிடைக்காது, வெள்ளையாகிச் செத்துவிடும்.

இந்தப் புரதக் குடும்பத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒளிரும் ஜெல்லி மீனிலிருந்து பச்சைப் புரதத்தை ஒசாமு ஷிமோமுரா 1962-ல் கண்டார், 2008-ல் மார்ட்டின் சால்ஃபி, ராஜர் சியன் இருவரோடு வேதியியல் நோபல் பகிர்ந்துகொண்டார். சிவப்புப் புரதம் வெகுநாள் கிடைக்கவில்லை. கடைசியில் 1999-ல் அதை வெளியிட்ட ரஷ்ய ஆய்வாளர்களுக்கு அது கிடைத்தது மாஸ்கோவில் ஒருவர் தொட்டியில் வளர்த்த பவளங்களிலிருந்து; நீங்கள் வாங்கியிருக்கிற அதே காளான் பவள வகை. இன்று புற்றுநோய் செல்லையும் நரம்பு செல்லையும் உயிரோடு பின்தொடர இந்தப் புரதங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஜெல்லி மீன் ஏன் மின்னுகிறது என்று பார்க்க எதற்குப் பணம் என்று அன்று யாராவது கோப்பைத் திருப்பி அனுப்பியிருந்தால் இதெல்லாம் வந்திருக்காது. உடனடிப் பயன் என்ன என்ற கேள்வியை முதல் பக்கத்திலேயே கேட்கும் நிதி விண்ணப்பங்கள் நம் நாட்டில் மாற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இப்போது தொட்டி. நிறம் வேண்டுமென்றால் 420 முதல் 470 நானோமீட்டர் நீல ஒளி வேண்டும், ஆனால் உங்கள் காளான் பவளம் மங்கல் விரும்பி, அதைத் தரையோரம் வையுங்கள், வெளிச்சத்தைக் கூட்டுவதானால் வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டுங்கள். பாசிக்கு உரமாகும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தண்ணீரில் எகிறினால் பாசி பெருகிப் பழுப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். அதற்காக இரண்டையும் சுத்தமாகத் துடைத்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது இன்னும் மோசம். குறிப்பாக நைட்ரேட் இருந்து பாஸ்பேட் மட்டும் இல்லாமல் போனால், பாசி தன் செல் சவ்வில் பாஸ்பரஸ் கொழுப்புக்குப் பதிலாகக் கந்தகக் கொழுப்பைச் சேர்க்கிறது, பிறகு கொஞ்சம் சூட்டுக்கே பவளம் வெளுக்கிறது. நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கட்டும். கலர் ஏற்றும் சொட்டு மருந்துக்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல பரிசோதனைக் கிட் வாங்கலாம்.

சென்னையில் உண்மையான எதிரி வெப்பம். தண்ணீர் 25-27 டிகிரியில் நிற்க வேண்டும், மே மாத அறையோ 35-ஐத் தாண்டும். மின்விசிறி வைத்து ஆவியாக்கிக் குளிர்விப்பது நம் கடற்கரைப் புழுக்கத்தில் அதிகம் எடுபடாது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இல்லாமல் இறங்காதீர்கள். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. கரண்ட் போனால் அலை பம்பு ஓட இன்வெர்ட்டர் அவசியம், தண்ணீர் அசையாவிட்டால் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

செவ்வாய் தோஷத்துக்கு மோதிரத்தில் பதிக்கிற பவளமும் இதுதானா என்று அந்தப் பெரம்பூர் வாசகியே இன்னொரு கேள்வி கேட்டிருந்தார். அது வேறு இனம். மத்தியதரைக் கடலில் வளரும் அந்தச் செம்பவளத்தின் கூடே சிவப்பு. அதற்கும் செவ்வாய்க் கிரகத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, அதை நம்பித் திருமணங்களைத் தள்ளிப்போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கல் பவளம், அதாவது கெட்டியான சுண்ணாம்புக் கூடு கட்டும் பவளம், யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளத்தை ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டியே அழித்தோம், தீவுகள் சில கடலுக்குள் போயின. கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். காளான் பவளமே ஆனாலும், எங்கிருந்து வந்தது என்று கேட்டு, இறக்குமதிச் சீட்டைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.